வாய்தா கேட்காத செல்கள்

விஞ்ஞானி என்றால் அதிர்ந்து பேசாத ஆள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஹம்ஸாவோடு ஒரு காலை நேரம் லேபில் நின்றவர்களுக்கு அந்த நினைப்பு போய்விடும். வீட்டில் இட்லிக்கு மாவு கரைத்துவிட்டுக் குளிக்காமல் வந்த ஒரு ஆராய்ச்சி மாணவனின் காலரைப் பிடித்து வராந்தா வரை தள்ளிக்கொண்டு போனவள் அவள். மாவில் இருக்கிற ஈஸ்ட் துளி போதும், பாடுபட்டு வளர்த்த கண் செல்கள் ஒரே ராத்திரியில் புளித்துப்போகும். "உன் இட்லிக்கு ஒருத்தர் கண்ணு போகணுமாடா?" என்று கேட்டாள். அந்தப் பையன் அதற்குப் பிறகு சப்பாத்தியிலேயே காலத்தை ஓட்டினான்.

கோபம் அந்த வீட்டுச் சொத்து. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் அவள் அப்பா உப்பு குறைந்தால் தட்டை முற்றத்தில் எறிவார். அக்கா அரவிந்தவல்லி நாள்கணக்கில் பேச்சை நிறுத்துவாள். கடைக்குட்டி லக்ஷ்மிகாந்த் மட்டும் குரலை உயர்த்த மாட்டான். சிரித்த முகமாகவே இருந்து, எல்லோரும் சண்டையை மறந்த பிறகு வந்து ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளுவான். ஹம்ஸா அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். கிள்ளு வாங்கியதில் பெரும்பங்கும் அவளுக்குத்தான். சின்னப் பிள்ளை, போகட்டும் என்று விட்டார்கள். அந்த வீட்டில் ஆண் பிள்ளை விஷயத்தில் எல்லாமே அப்படித்தான் போகட்டும்.

அவள் முதலில் படித்தது கண்ணே இல்லை. திருச்சியில் கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஹைதராபாத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பி.எச்டி.க்குச் சேர்ந்தாள். டி.என்.ஏ.வைக் கையால் கோர்க்கிற வேலை. உயிர் எழுதி வைத்திருக்கிற எழுத்து நாலே நாலு. அந்த நாலை ஒன்றன்பின் ஒன்றாக ரசாயனத்தில் தொடுத்து, இயற்கையில் இல்லாத சின்னச் சின்ன இழைகளைச் செய்வாள். அந்த வேலைக்குத் தண்ணீர் ஜென்ம விரோதி. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே இழை அறுந்துவிடும். அதனால் கரைப்பான்களை எல்லாம் கால்சியம் ஹைட்ரைடு என்கிற சாம்பல் நிறப் பொடியைப் போட்டுக் காய்ச்சி, கடைசிச் சொட்டு ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார்கள். காய்ச்சி முடித்த பிறகு குடுவையில் மிஞ்சுகிற பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாராயம் விட்டுச் சாகடிக்க வேண்டும். பொறுமையான வேலை.

கூடப் படித்த ஸ்டீபன்ராஜுக்குப் பொறுமை கிடையாது. திருச்சி பாலக்கரைக்காரன், நல்ல வாய், நல்ல மூளை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் குடுவையில் நேராகத் தண்ணீரை ஊற்றினான். அது சீறி வெடித்தது. பொடி தண்ணீரோடு சேர்ந்தால் கிடைப்பது சுண்ணாம்பு. கொதிக்கிற சுண்ணாம்பு அவன் இரண்டு கண்ணிலும் அப்பிக்கொண்டது. ஹம்ஸா அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் அமுக்கினாள். அவன் இமையைத் திறக்க மறுத்தான், அவள் நகம் பதியத் திறந்தாள். வலியில் அவன் விட்ட குத்தில் அவள் உதடு கிழிந்தது. விடவில்லை. ஆனாலும் சுண்ணாம்பு அவளைவிட வேகமாக வேலை செய்திருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் கருவிழி இரண்டும் வெந்த முட்டையாக வெளுத்திருந்தன.

ஸ்டீபன்ராஜுக்கு இரண்டு முறை தானக் கண் வைத்தார்கள். இரண்டு முறையும் சில மாதம் தெளிவாக இருந்து மறுபடி வெளுத்தது. பி.எச்டி. முடிந்த கையோடு இனிப்பை எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்கப் பாலக்கரைக்குப் போனாள் ஹம்ஸா. அவள் குரல் வந்த திசையைக் குறிவைத்து அவன் காபி டம்ளரை வீசினான். நெற்றி பிளந்தது.

"அஞ்சு வருஷமா டி.என்.ஏ., டி.என்.ஏ.ன்னு கோத்தியே. அதுல என் கண்ணுக்கு ஒரு மயிராவது பிரயோஜனம் உண்டா? சொல்லிட்டுப் போ" என்றான்.

தையல் போட்டுக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் அவள் அவனை வாய்விட்டுத் திட்டினாள். டவுன் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரி எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தாள். ஆனால் கேள்வி உள்ளே போய்விட்டது. வெளிநாட்டில் கிடைத்த டி.என்.ஏ. வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, திருச்சி கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு கண் மருத்துவமனையின் லேபில் கீழ்நிலை உத்தியோகத்தில் நுழைந்தாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் செல் வளர்க்கக் கற்றாள். தானக் கண் ஏன் வெளுக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. கருவிழியும் வெள்ளைவிழியும் சேர்கிற விளிம்பில் ஒரு வளையம் ஓடுகிறது. கருவிழியின் மேல்தோலுக்கு விதை அங்கேதான் இருக்கிறது. ஸ்டெம் செல் என்று சொல்வது அதைத்தான். சுண்ணாம்பு அந்த விதையையே வேக வைத்துவிடுகிறது. விதை இல்லாத நிலத்தில் புதுக் கருவிழியை வைத்து என்ன பயன்? பக்கத்துத் தோல் களையாக ஏறி மூடிவிடும்.

ஆகவே விதையை வளர்த்தாள். நல்ல கண்ணின், இரண்டும் போயிருந்தால் சொந்தக்காரர் கண்ணின், விளிம்பிலிருந்து கடுகளவு சதையை எடுத்து, பிரசவத்தில் தானமாக வரும் பனிக்குடச் சவ்வின்மேல் பதித்து, இன்குபேட்டரின் சூட்டில் வைத்தால் இரண்டு வாரத்தில் ஒரு மெல்லிய ஏடு படரும். அதை எடுத்துக் கெட்ட கண்ணில் ஒட்டுவது டாக்டர் விக்டரின் வேலை. விக்டர் மேலப்புதூர்க்காரர், நிதானம், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவார். ஹம்ஸாவின் கோபத்தை மழையைப் போல ஒதுங்கி நின்று போகவிடுவார். இருவரும் சேர்ந்து பல பேரைப் பார்க்க வைத்தார்கள். ஸ்டீபன்ராஜ் மட்டும் வரவில்லை. மூன்றாவது தடவை ஏமாறத் தெம்பில்லை என்று சொல்லி அனுப்பினான். அவள் அதற்காக அழுதாள், பிறகு ஆத்திரப்பட்டாள்.

பழைய காதலை அவள் முழுக்க விடவும் இல்லை. ஓய்வு நேரமெல்லாம் டி.என்.ஏ. இழை கோர்த்தாள். கண்ணில் தழும்பு கட்டச் சொல்லி உடம்பு அனுப்புகிற உத்தரவை வழியிலேயே பிடித்து வாயை அடைக்கிற இழை அது. அதற்கு வேண்டிய ரசாயன மணிகள் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. ஒவ்வொன்றாகத் தானே செய்தாள். நாலு வருஷம் ஆயிற்று. லேப் மூலையில் ஒரு ஃப்ரீசர் நிறைய அந்தக் குப்பிகள் இருந்தன. அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, அந்த ஃப்ரீசர்தான் என்று நர்ஸுகள் பேசிக்கொள்வார்கள். அது அவள் காதிலும் விழும். உண்மைதானே என்று விட்டுவிடுவாள்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒரு கல்யாணம் நடந்தது. அக்கா அரவிந்தவல்லியின் ஒரே மகள் அம்ருதாவை, அவளுடைய தாய்மாமன் லக்ஷ்மிகாந்துக்கே கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் இது புதிதல்ல. அரவிந்தவல்லியும் சொந்த அத்தை பிள்ளைக்குத்தான் வாழ்க்கைப்பட்டாள். அவர்களைப் பெற்றவர்களும் அப்படியே. ரத்தம் ரத்தத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஹம்ஸா ஒருத்திதான் கூடாது என்றாள். பிள்ளைக்கு நோய் வரும் என்பதை விளக்கினாள், அவன் கிள்ளுவதையும் சொன்னாள். "உன் ஆராய்ச்சியை ஆஸ்பத்திரியில வெச்சுக்கோ. என் பொண்ணு வெளியில போய்ச் சீரழிய வேண்டாம்" என்றாள் அரவிந்தவல்லி. மகளுக்குத் தாலி ஏறிய இரண்டாம் வருஷம் அவள் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அவள் புருஷன், ஹம்ஸாவின் அத்திம்பேர், ஏற்கெனவே போயிருந்தார். அம்ருதாவுக்கு உடன்பிறப்பு இல்லை. மாமனை விட்டால் சித்தி ஹம்ஸாதான்.

லக்ஷ்மிகாந்த் மலைக்கோட்டைக்குக் கீழே சின்னக்கடை வீதியில் ஒரு நகைக்கடையில் மேனேஜர். வாடிக்கையாளர்களுக்கு அவன்மேல் உயிர். காட்டூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அம்ருதாவுக்கு மட்டும் வருஷத்தில் பாதி நாள் உடம்பு சரியில்லாமல் இருக்கும். அவள் மெதுவாகக் காட்டூரிலேயே தனியாக ஒரு வீடு பார்த்துவைத்தாள். அது அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

போகிக்கு முந்தின வாரம். கொல்லைச் சுவருக்கு வெள்ளையடிக்க இரும்பு வாளியில் சுண்ணாம்புக் கல்லை நீற்றியிருந்தான். அது கொப்பளித்துக்கொண்டிருந்தது. "அம்ருதா, வெந்துடுத்தா பாரு" என்று சாதாரணமாகக் கூப்பிட்டான். அவள் வந்து குனிந்தாள். சொம்பால் அள்ளி முகத்தில் வீசினான். பிறகு அவள் குழாயடிக்கு ஓட முடியாதபடி கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் கத்தியது வீதியில் தேர்முட்டி வரை கேட்டது. நாலு வீடு தள்ளி இருந்த ஹம்ஸா செருப்பில்லாமல் ஓடிவந்தாள். வந்தவள் தம்பியின் வயிற்றில் முழங்காலால் ஒரு இடி இடித்துத் தள்ளிவிட்டு, அம்ருதாவைக் குழாயடியில் போட்டு, இமையைப் பிளந்து பிடித்துக்கொண்டு தண்ணீர் விட்டாள். இந்த வேலை அவளுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை விரலுக்கடியில் இருந்தது அவள் தூக்கி வளர்த்த குழந்தையின் முகம்.

போலீஸ் அவனைப் பிடித்தது. அவன் அழுதான். "அவளாக் குனிஞ்சா, தெறிச்சுடுத்து. நான் பதறிப்போய்க் கையைப் பிடிச்சேன்" என்றான். அவன் வீசியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்து, கடையில் மறுபடி உட்கார்ந்தான். ஊரில் பாதிப் பேர் அவனை நம்பினார்கள். மீதிப் பேர் புருஷன் பெண்டாட்டி விஷயம் என்றார்கள்.

இரண்டு கண்ணிலும் விதை போய்விட்டதால் அம்ருதாவுக்கு அடுத்தவர் செல்தான் வேண்டும். அடுத்தவர் செல்லை உடம்பு ஒத்துக்கொள்ளுமா என்பது டி.என்.ஏ.வில் சில இடங்களில் எழுதியிருக்கிறது. ஹம்ஸா தன் ரத்தத்தையே முதலில் பார்த்தாள், பாதிதான் பொருந்தியது. பரவாயில்லை என்று தன் கண்ணின் விளிம்பை வெட்டிக் கொடுத்து, வளர்த்து, இடது கண்ணில் வைத்தார்கள். மருந்தும் மாத்திரையுமாக நாலு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு அம்ருதாவின் உடம்பு அதை அடித்துத் துரத்தியது. கருவிழி கரைந்து ஓட்டை விழுந்து அந்தக் கண்ணே போயிற்று. இனி மிச்சம் வலது கண் ஒன்று. அதுவும் தவறினால் ஆயுசுக்கும் இருட்டு என்று விக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

முழுப் பொருத்தம் யார் என்பது ஹம்ஸாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொடுத்து வாங்கிய குடும்பம். லக்ஷ்மிகாந்த் ஜெயிலில் இருந்தபோது, கேஸுக்காகப் போலீஸ்காரர்கள் அவனை இதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து எடுத்த ரத்தத்தைப் படித்துப் பார்த்தாள். ஓரிடம் விடாமல் பொருந்தியது. முடிவு வந்த தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சின்னக்கடை வீதிக்குப் போனாள். லக்ஷ்மிகாந்த் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு வளையல் காட்டிக்கொண்டிருந்தான். பெண்ணின் கையை நோகாமல் பிடித்து, சோப்புத் தண்ணீர் தொட்டு, வளையலை ஏற்றினான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை, மாடிப்படிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவன் வந்தான். விஷயத்தைக் கேட்டான்.

"தரேன் அக்கா. நான் என்ன ராட்சசனா?" என்றான். "ஆனா அவ கோர்ட்ல வந்து, தானாக் குனிஞ்சு கொட்டிண்டேன்னு சொல்லிடட்டும். அது முதல்ல. ஆபரேஷன் அப்புறம்."

"உன்னை இடுப்புல தூக்கின பாவத்துக்கு என் இடுப்பை ஒடிச்சுக்கணும்டா" என்றாள் ஹம்ஸா.

"கோபப்படாதே. வாய்தா வர பதினெட்டாம் தேதி. அதுக்குத் தக்கபடி வளத்துக்கோ" என்று சிரித்துவிட்டுக் கடைக்குள் போனான்.

இந்தப் பேரத்தை அம்ருதாவிடம் சொன்னபோது, அவள் தூக்கி எறிவாள் என்றுதான் ஹம்ஸா நினைத்தாள். அம்ருதா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்றேன்னு சொல்லிடுங்கோ சித்தி."

"பொய் சொல்லி அவனைத் தப்பிக்க விடுவியா? உனக்கு வெக்கமா இல்லையாடி?"

"இருட்டுல உக்காந்துண்டு வெக்கப்பட்டு என்ன ஆகப்போறது? எனக்குக் கண்ணு தெரியணும். போர்டுல கணக்கு எழுதணும். பஸ் நம்பரை யாரையும் கேக்காமப் படிக்கணும். அவன் எக்கேடு கெட்டா எனக்கென்ன?"

ஹம்ஸா விக்டரிடம் மறைக்கவில்லை. "இது லஞ்சம் மேடம்" என்றார் அவர்.

"லஞ்சம்தான். வேற வழி இருந்தா நீங்க சொல்லுங்க, நான் காலில விழறேன்."

விக்டருக்கும் வழி தெரியவில்லை. லக்ஷ்மிகாந்தை உட்காரவைத்து, மனசாரத்தான் தருகிறீர்களா என்று கேட்டார். அவன் கண்கலங்கி, என் பெண்டாட்டிக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்றான். ஒரு நர்ஸ் அவனுக்கு ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷன் என்று வாட்ச்மேனிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். ஹம்ஸா பல்லைக் கடித்துக்கொண்டு அவன் கண்ணிலிருந்து வந்த கடுகை வாங்கி, சவ்வின்மேல் பதித்தாள்.

அது வளர்ந்த வேகம் அவளையே மலைக்க வைத்தது. தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். செல்கள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி, இடைவெளி இல்லாமல், அழகாகப் படர்ந்தன. அவனுடைய செல்லில் அவன் குணம் ஒரு துளி இல்லை என்று படிப்புக்குத் தெரியும். ஆனாலும் கிண்ணத்தைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எதிரே சுவரில் விட்டெறியத் தோன்றும். ஜாக்கிரதையாக உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

பதினெட்டாம் தேதி அம்ருதாவைக் கைப்பிடித்துக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். நீதிபதி லீவு. வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. குமாஸ்தா தேதியை வாசித்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தான். ஆனால் செல்கள் வாய்தா கேட்பதில்லை. பழுத்த நாளில் ஏட்டை எடுக்காவிட்டால் அடுத்த சில நாளில் சுருங்கி உதிர்ந்துவிடும். மறுபடி வெட்டிக்கொள்ள அவன் வரமாட்டான். ஹம்ஸா யோசிக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை ஆபரேஷன் என்று விக்டரிடம் சொல்லிவிட்டாள். தம்பிக்குச் சொல்லவில்லை. ஜூஸ் கொடுத்த நர்ஸ், நல்ல சேதியாயிற்றே என்று அவனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேபில் ஹம்ஸா தனியாக இருந்தாள். விக்டர் கோயிலில் இருந்தார். அம்ருதாவின் கிண்ணம் மைக்ராஸ்கோப்பின் அடியில் இருந்தது. அன்றைக்குக் கடைசிப் பரிசோதனை. மேடத்தோட தம்பிதானே என்று வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டான். லக்ஷ்மிகாந்த் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து கதவைத் தாழிட்டான்.

"பேச்சு என்ன, நீ பண்றது என்ன அக்கா? கண்ணு தெரிஞ்சப்புறம் அவ எனக்காகப் பொய் சொல்லுவாளா?"

"வெளியில போடா."

"எது? எதுல இருக்கு?"

அவன் இன்குபேட்டர் பக்கம் நகர்ந்தான். ஹம்ஸா மேஜைமேல் இருந்த இரும்பு ஸ்டாண்டை எடுத்து அவன் தலையில் அடித்தாள். காது கிழிந்து ரத்தம் வந்தது. அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு போயிற்று. முதல் அடியிலேயே அவள் தரையில் விழுந்தாள். எழுந்தாள், இன்னொன்று. அவள் வலது கை மோதிர விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினான். அது முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

"எது அக்கா? சொல்லிடு. மெஷினையெல்லாம் உடைச்சா உனக்குத்தான் நஷ்டம்."

கிண்ணம் அவன் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில், மைக்ராஸ்கோப்பின் கீழே இருந்தது. அதை அவன் மெஷினின் ஒரு பாகம் என்று நினைத்திருந்தான். ஹம்ஸா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வலியில் அவளுக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: இவனுக்குச் சுலபமாகக் கிடைப்பது எதிலும் நம்பிக்கை வராது. சின்ன வயசிலும் கேட்டவுடன் கொடுத்த மிட்டாயை வாயில் வைக்க மாட்டான், ஒளித்து வைத்ததைத்தான் தேடித் தின்பான். ஆகவே அவள் வாயைத் திறக்காமல் அடி வாங்கினாள். இன்னொரு விரலைப் பிடித்தபோதும் சொல்லவில்லை. முகத்தில் மறுபடி விழுந்தது. கண்ணோரம் தோல் பிளந்தது. போதும் என்று பட்டபோது, தாங்கமுடியாதவள் போல மூலையில் இருந்த ஃப்ரீசரைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஃப்ரீசரைத் திறந்து தட்டுத் தட்டாக வெளியே இழுத்தான். அவள் நாலு வருஷம் கோர்த்த இழைகள், ஒவ்வொரு மணியும் அவள் கையால் செய்தது. தரையில் கொட்டி மிதித்தான். குப்பிகள் செருப்புக்கடியில் நொறுங்கின. "ஐயோ, வேண்டாம்டா, காந்த்" என்று ஹம்ஸா அலறினாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. ஊர்ந்து போய் அவன் காலைப் பிடித்தாள். அவன் அவளை உதறிவிட்டுக் கடைசித் தட்டையும் மிதித்தான். அழுகிற அக்காவைப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் திருப்தி. சட்டையை நீவிக்கொண்டு, காதில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, வந்த வழியே போனான். வாட்ச்மேன் மறுபடி சல்யூட் அடித்திருப்பான்.

அவள் இடது கையை ஊன்றி எழுந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். செல்கள் அசையாமல், தோள் ஒட்டியபடி இருந்தன. கிண்ணத்தை இன்குபேட்டரில் வைத்து மூடிவிட்டு, அதன்மேல் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். முதலில் அழுதது மிதிபட்டுப்போன குப்பிகளுக்காகத்தான். இனி அதைச் செய்ய அவளுக்கு வயசும் இல்லை, விரலும் இல்லை.

போலீஸைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் லேபுக்குச் சீல் வைப்பார்கள். சீலுக்குள் கிண்ணமும் சிக்கும். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். வாரிக் கொட்டவேண்டியதை வாரிக் கொட்டினாள். கோயிலிலிருந்து நேரே வந்த விக்டர் அவளைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார்.

"நாளைக்கு ஆபரேஷன் முடியட்டும் டாக்டர். அதுக்கப்புறம் யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க. இப்ப இந்த விரலைக் கட்டிவிடுங்க."

திங்கட்கிழமை அந்த ஏட்டைக் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது அவளேதான். வேறு யார் எடுத்தாலும் மடிந்துவிடும். கட்டுப் போட்ட விரலை நீட்டிக்கொண்டு, மற்ற விரல்களால் இடுக்கியைப் பிடித்தாள். உள்ளங்கை வரை நெருப்பாக எரிந்தது. முகமூடிக்குள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே எடுத்தாள். விக்டர் அம்ருதாவின் கண்ணிலிருந்து வெள்ளைத் திரையை உரித்தார். அடியில் கருவிழி ஓரளவு தெளிவாகவே இருந்தது. ஏட்டை அதன்மேல் விரித்தார்.

முதல் சில நாள் அம்ருதாவுக்கு வெறும் வெளிச்சம். பிறகு ஜன்னலின் சட்டம். பிறகு மின்விசிறி சுற்றுவது. செல் பிடித்துக்கொண்டது என்று விக்டர் சொன்னார். ஹம்ஸா தினமும் வந்தாள், ஆனால் கட்டிலுக்குத் தள்ளியே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் அம்ருதா, "கிட்ட வாங்கோ சித்தி" என்றாள்.

"இங்கேருந்தே தெரியறதா பாரேன்."

"கிட்ட வாங்கோன்னா வாங்கோ."

ஹம்ஸா போய் உட்கார்ந்தாள். வீக்கம் வடிந்திருந்தது. கன்னத்தில் நீலம் மாறி மஞ்சளாகியிருந்தது. கண்ணோரம் இரண்டு தையல். அம்ருதா ஒரு கண்ணால் அதையெல்லாம் பொறுமையாகப் பார்த்தாள், போர்டில் கணக்கைப் பார்க்கிற மாதிரி.

"மாடிப்படின்னு சொன்னேளே."

ஹம்ஸா தையல் தெரியாதபடி முகத்தை ஒருபக்கமாகத் திருப்பினாள்.

"அவன் அடிச்சா இங்கதான் விழும்" என்று அம்ருதா விரலை நீட்டி, தையலுக்குக் கீழே எலும்பின்மேல் மெதுவாக வைத்தாள். "எனக்கும் இதே இடந்தான். கண்ணாடியில எத்தனை நாள் பாத்திருக்கேன்."

அம்ருதாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. வரக்கூடாது, ஏடு புதுசு என்று ஹம்ஸா பதறித் துடைத்தாள்.

"அழலை சித்தி" என்றாள் அம்ருதா. "வாய்தா எப்போ?"

"வர வாரம்."

"நான் கொட்டிண்டேன்னு சொல்லப்போறதில்லை. அவன் பண்ணினதைச் சொல்றேன். உங்க மூஞ்சியில பாத்ததையும் சொல்றேன். வக்கீல் எவ்வளவு வேணும்னாலும் குறுக்கக் கேக்கட்டும்."

ஹம்ஸாவுக்குத் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது, பெரிய ஆளான பிறகு உள்ள முகம் இல்லை, இடுப்பில் இருந்தபோது இருந்தது. அவனுக்காகவும் சேர்த்துத்தான் அவள் அப்போது அழுதாள். ஆனால் விக்டர் உள்ளே வந்து, போலீஸுக்கு இப்போதாவது சொல்லலாமா மேடம் என்று கேட்டதும், சொல்லுங்க என்றாள்.